வள்ளம் யாருக்குச் சொந்தம்?

கிளிநொச்சி மாவட்டத்தின் மேற்குக் கரையோரமாகப் பூநகரியிலிருந்து கிராஞ்சி, வலைப்பாடு, நாச்சிக்குடா என்று தெற்கு நோக்கிச் செல்லும் ஒருவர், கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் வள்ளங்களைக் காணத் தவறுவதில்லை. சில பழுது பார்ப்பதற்காகக் கிடப்பன. சில பருவம் மாறும்வரை காத்திருப்பன. இன்னுஞ் சில விலைக்கு நிற்பன. விலைக்கு நிற்கும் வள்ளத்தைப் பற்றி விசாரித்தால் கிடைக்கும் விடை எங்கும் ஏறக்குறைய ஒன்றே: "நல்ல வள்ளம், எஞ்சின், நங்கூரம், கயிறு, வலை எல்லாஞ் சேர்த்துத்தான் விலை."

உலகின் மறுகோடியில், ஓய்வுக்காகவும் உல்லாசத்துக்காகவும் கடலோடும் செல்வர் ஒருவர் தமது சிறு பாய்ப்படகை விற்க முற்படும்போதும் இவ்வாறே ஒரு பட்டியல் தருகிறார். பாய்கள் இத்தனை, நங்கூரங்கள் இத்தனை, திசையறி கருவி, சமையலடுப்பு, படுக்கைகள் என அது நீளும். வாங்குபவர் பட்டியலைப் பார்க்கிறார், பொருள்களைத் தட்டிப் பார்க்கிறார், பணம் கைமாறுகிறது, பத்திரத்தில் பெயர் மாறுகிறது. விவகாரம் அத்துடன் முடிந்துவிட்டதாக இருவரும் கருதுகின்றனர்.

முடிந்துவிட்டதா என்பதே நமது கேள்வி. பட்டியலில் இடம்பெறாத எதுவும் அந்தப் படகில் இல்லையா? இருக்குமாயின் அது யாருடையது? அதனையும் சேர்த்து விற்க விற்பவனுக்கு உரிமை உண்டா? இவை வெறும் வியாபாரக் கேள்விகள்போலத் தோன்றினும், சொத்து என்பது என்ன, மனிதன் மனிதனுக்குக் கடமைப்பட்டவன் என்பதன் பொருள் யாது என்ற பெரிய வினாக்களின் வாயிலில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துவனவாகும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் நோக்குவோம். இலங்கையில் பொருள் விற்பனையை ஆள்வது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆங்கிலேயர் 1893 இல் தமது நாட்டில் இயற்றிக்கொண்ட சட்டத்தை அடியொற்றி எழுந்தது அது. வாங்குபவன் தன்னைத் தானே காத்துக்கொள்ளவேண்டும் என்பது அதன் அடிநாதம். வியாபாரியாக அல்லாத ஒருவன் தன்னிடமுள்ள பொருளை விற்கும்போது, அதன் தரத்துக்குச் சட்டம் பொதுவாகப் பிணை நிற்பதில்லை. பொய் சொன்னால் பிடிக்கும். மௌனம் சாதித்தால் பெரும்பாலும் விட்டுவிடும். சந்தையிலே சந்திக்கும் இருவரும் சம பலமும் சம அறிவும் உடையவர் என்ற கற்பனையின் மேல் எழுப்பப்பட்ட மாளிகை இது.

இந்த மௌனத்தைப் பற்றி ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சிந்தித்திருக்கின்றனர். உரோமரான சிசெரோ கி.மு. 44 இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் ஒரு வழக்கை எடுத்துரைக்கிறார். றோட்சுத் தீவில் பஞ்சம். தானியம் யானை விலை விற்கிறது. அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகன் கப்பல் நிறையத் தானியத்துடன் அங்கு வந்து சேர்கிறான். தன் பின்னால் வேறு பல தானியக் கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அவன் அறிவான். தீவு மக்கள் அறியார். அதை அவன் சொல்லவேண்டுமா? சொல்லாது நல்ல விலைக்கு விற்றுவிடலாமா?

டயோஜெனிஸ் என்ற தத்துவவாதி, சட்டம் கேட்பதைச் சொன்னாற் போதும், தெரிந்ததையெல்லாம் சொல்லும் கடமை விற்பவனுக்கு இல்லை என்றார். அவருடைய மாணவர் அன்டிபேட்டரோ, மனிதர் ஒரு சமுதாயமாகப் பிறந்தவர், ஆகையால் விற்பவன் அறிந்ததெல்லாம் வாங்குபவனும் அறியவேண்டும் என்றார். சிசெரோ மாணவரின் பக்கமே சாய்ந்தார். ஆசிரியர் தனியுடைமையின் வேலிக்குள் நின்று பேசினார். மாணவர் சமுதாயத்தின் வெளியில் நின்று பேசினார். இன்றுவரை நடக்கும் வாதமும் இதுவே.

தானியத்தில் மறைக்கப்பட்டது விலை நிலவரம் மட்டுமே. வள்ளத்திலோ மறைக்கப்படுவது பழுது. வீட்டின் கூரை ஒழுகினால் மனிதன் நனைவான். வள்ளத்தின் அடி பிளந்தால் மாள்வான். கண்ணாடியிழை வள்ளத்தின் அடிப்பாகத்தில் விழுந்த வெடிப்பை ஒரு பூச்சுப் பூசி மறைத்துவிடலாம். கரையில் நின்று பார்ப்பவன் கண்ணுக்கு அது தெரியாது. கரை மறைந்த பின் அலையின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மேலும் அந்த வள்ளத்தில் ஏறுபவன் வாங்கியவன் ஒருவன் மட்டுமல்லன். அவனோடு தொழிலுக்குப் போகும் இன்னும் இரண்டு மூன்று பேர், விலை பேசிய இடத்தில் இல்லாதவர்கள், பேரத்தில் ஒரு சதமும் பெறாதவர்கள், தம் உயிரை அதில் ஏற்றுகிறார்கள். ஆகவே வள்ளத்தின் குறையைச் சொல்லாது விற்பவன் வாங்குபவனை ஏமாற்றுவதோடு நின்றுவிடவில்லை. பேரத்துக்கு வெளியே நிற்கும் உழைப்பாளியின் உயிரையும் அவனறியாமல் விலைபேசுகிறான். வாங்குபவன் விழிப்பாயிருக்கட்டும் என்று கூறும் சட்டத்துக்கு இந்த மூன்றாமவனைக் காணும் கண் இல்லை.

எனவே முதல் விடை தெளிவானது: உண்மையை முழுதாகச் சொல்வது விற்பவனின் கடமை. ஆயினும் உண்மை சொல்லி விற்ற மாத்திரத்தில் எல்லாக் கணக்கும் தீர்ந்துவிடுகிறதா? இங்கே நமது மண்ணிலேயே நடந்த ஒரு விற்பனையை நினைவுகூர்தல் தகும்.

1930 ஆம் ஆண்டளவில் வல்வெட்டித்துறையில் வேப்பமரங் கொண்டு கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 89 அடி நீளமும் 19 அடி அகலமும் உடையது. வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் 1930-களின் நடுப்பகுதியில் அதனை விலைக்கு வாங்கினார். இவர் 1928 முதல் 1931 வரை 'சுவாப்' என்ற 32 அடி நீளமான சிறு பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்தவர், கடலறிவு மிக்கவர், பாய்க்கப்பலின் அழகை உணர்ந்தவர். அவருடைய மனைவியின் பெயரால் அன்னபூரணி 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' ஆயிற்று. செங்கடல், சுயெசு, மத்தியதரைக் கடல் வழியாகச் சென்று அத்திலாந்திக்கைக் கடந்து, 1938 ஓகஸ்டில் அது அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதைச் செலுத்திச் சென்றவர்கள் வல்வெட்டித்துறைக் கடலோடிகள்.

இந்த வரலாற்றை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறோம், பெருமைக்குரியதுதான். ஆனால் அதனுள் உறைந்திருக்கும் பாடத்தை நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை. றொபின்சன் பணம் கொடுத்துக் கப்பலை வாங்கினார். மரம் வந்தது, இரும்பு வந்தது, பாயும் பாய்மரமும் வந்தன. அந்தப் பாயை எந்தக் காற்றுக்கு எவ்வாறு திருப்புவது, அந்த மரம் எந்த அலையில் எவ்வாறு முனகும் என்ற அறிவோ வல்வெட்டித்துறையின் மனிதர்களிடம் இருந்தது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அந்த அறிவைப் பத்திரத்தில் எழுதி மாற்ற எவராலும் இயலாது. உலகைச் சுற்றிவந்த கடலோடிக்கும் நமது கடலோடிகளின் கைகள் வேண்டியிருந்தன. பெயரை மாற்றலாம், உழைப்பின் உடைமையை மாற்ற முடியாது என்பதை அக்கப்பல் அத்திலாந்திக் வரை சுமந்து சென்று காட்டியது.

ஒரு பொருளுக்குப் பயன்மதிப்பு என்றும் மாற்றுமதிப்பு என்றும் இருவேறு முகங்கள் உண்டென்பதை அரசியற் பொருளாதாரம் பயின்றோர் அறிவர். சந்தையில் மாற்றுமதிப்பே பேசும். ஏரா நாட்டிய ஓடாவியும், பலகை இடுக்குகளில் கலப்பத்து அடித்தவனும், பாய் தைத்தவனும் விலை என்னும் ஒற்றை எண்ணுக்குள் மறைந்துபோகின்றனர். வரலாறும் சந்தையைப் போலவே நடந்துகொள்வதைக் காண்கிறோம். வாங்கியவரின் பெயரை உலகம் அறியும். அவருடைய மனைவியின் பெயர் கப்பலின் பெயராகவே வாழ்ந்தது. வாய்ச்சியெடுத்து வேப்பமரம் செதுக்கியவர்களின் பெயர்களை எத்தனைபேர் அறிவர்?

இதே உண்மையை நமது கரையோரப் 'பங்கு' முறை இன்னும் கூர்மையாக எடுத்துக்காட்டுகிறது. பிடிபடும் மீனின் வருவாயைப் பிரிக்கும்போது வள்ளத்துக்கும் வலைக்கும் பங்கு உண்டு. வள்ளத்தில் போனவர்களுக்கும் பங்கு உண்டு. விகிதம் இடத்துக்கு இடம் மாறும். உடைமையாளனின் பக்கமே அது பெரும்பாலும் சாய்ந்திருக்கும். எனினும் உழைப்பவன் கூலிக்காரன் மட்டுமல்லன், ஒருவகையிற் பங்காளி என்பதை அந்த வழக்காறு ஒப்புக்கொள்கிறது. அன்றாடம் பங்காளியாக இருந்த அதே மனிதன், வள்ளம் விலைபோகும் நாளில் அந்நியனாகிறான். வள்ளத்தின் விலையில் அவனுக்குப் பங்கு இல்லை. வள்ளம் போகப்போகிறது என்ற செய்திகூட, அது போன பிறகே அவனை எட்டக்கூடும். பத்து ஆண்டு அவன் சுக்கான் பிடித்திருக்கலாம். பத்திரத்தில் அவனுக்கு ஒரு வரியும் இல்லை. மீனிற் பங்காளி, விலையில் யாருமில்லை என்ற இந்த முரண்பாட்டை நியாயப்படுத்த எந்த அறநூலாலும் முடியாது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். அதனைச் செவிமடுக்காது மேற்செல்வது நேர்மையாகாது. "வள்ளம் என்னுடையது. கடன்பட்டு வாங்கினேன், கடன்பட்டே விற்கிறேன். பிள்ளையின் படிப்புக்கும் வீட்டின் அடுப்புக்கும் பணம் வேண்டும். விற்காதே என்று சொல்ல நீ யார்? நீ எனக்குச் சோறு போடுவாயா?" என்று கடற்றொழிலாளி ஒருவன் கேட்டால் நாம் என்ன சொல்வோம்?

அவன் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2009 இல் போர் முடிவுற்றபோது வன்னியின் கரையோர மக்கள் வள்ளங்களையும் வலைகளையும் இழந்து, அவற்றிலும் பெறுமதிமிக்க உறவுகளை இழந்து நின்றனர். மீண்டும் தொழில் தொடங்கப் பலருக்குக் கைகொடுத்தது உதவியும் கடனும். கடன் வளர்ந்தது, கடலோ அவ்வாறு வளரவில்லை. எதிர்க்கரையிலிருந்து வரும் இழுவைப்படகுகள் வலைகளை அறுத்துச் செல்கின்றன. அப்படகுகளிலே கூலிக்கு வருபவர்களும் நம்மைப் போன்ற உழைப்பாளிகளே என்பது இத்துயரத்தின் இன்னொரு பக்கம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. எஞ்சினுக்கு எண்ணெய் வார்க்க இயலாதவனுக்கு வள்ளம் கரையில் கிடக்கும் பாரம். அவன் அதனை விற்க எண்ணினால் அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நமக்கு என்ன தகுதி? பாரம்பரியத்தை விற்காதே என்று மேடையில் முழங்கிவிட்டு, மாதச் சம்பளம் வாங்க வீடு திரும்புவது எளிது.

உல்லாசப் படகை விற்பவரும் தொழில் வள்ளத்தை விற்பவனும் செய்வதை நாம் 'விற்பனை' என்ற ஒரே சொல்லாற் குறிக்கிறோம். அவர் தம் ஓய்வின் ஒரு பகுதியை விற்கிறார். நாளை இன்னொன்று வாங்குவார். இவனோ நாளைய நாளையே விற்கிறான். அவருக்கு நல்ல விலை வரும்வரை பொறுத்திருக்க இயலும். இவனுடைய தவணை நாளை வாங்குபவன் அறிவான். அறிந்தே விலையைக் குறைப்பான். விற்பவனின் மௌனத்தைக் கண்டித்த நாம் வாங்குபவனின் இந்த அறிவையும் கண்டித்தே ஆகவேண்டும். பிறன் இடுக்கண் தனக்கு இலாபம் என்று கணக்கிடுபவன், றோட்சுத் தீவின் பஞ்சத்தில் தானியம் விற்ற வணிகனிலும் எவ்வகையில் உயர்ந்தவன்? நெருக்கடியிற் கையெழுத்திடுவோனின் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று சட்டம் கூறலாம், அறம் கூறாது. ஆகவே நாம் விற்பவனை விலக்கவில்லை. அவனை விற்கச் செய்யும் நிலைமையையே விசாரணைக்கு அழைக்கிறோம்.

இதற்கு அப்பாலும் ஒன்று உண்டு. அதனை விளக்கச் சிசெரோவின் அதே நூலுக்கு மீண்டும் ஒருமுறை செல்லவேண்டும். றோட்சுத் தீவினரான ஹெக்காட்டோ எழுப்பிய கேள்விகள் சிலவற்றை அவர் அங்கே எடுத்தாள்கிறார். நடுக்கடலில், கப்பல் தன்னுடையது என்பதற்காக அதன் சொந்தக்காரன் பயணிகளை வெளியே தள்ளலாமா? கூடாது என்பது விடை. எந்த இடத்துக்குப் போவதற்காகக் கப்பல் அமர்த்தப்பட்டதோ, அந்த இடத்தை அடையும்வரை கப்பல் சொந்தக்காரனுடையது அன்று. அதிற் பயணம் செய்வோருடையது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். புயலிற் பாரம் குறைக்க விலையுயர்ந்த குதிரையை எறிவதா, விலைகுறைந்த அடிமையை எறிவதா என்று கேள்வி கேட்கக்கூடியதாயிருந்த ஒரு சமுதாயத்தின் குரல் இது என்பதை நாம் மறக்கவில்லை. அச்சமுதாயத்தின் வாயிலிருந்தே இவ்வுண்மை வெளிப்பட்டிருப்பது வியப்புக்குரியது. கரையிற் சொத்தாக இருப்பது கடலிற் சொத்தாக இருப்பதில்லை. அங்கே அது உயிர்களின் பொதுத்தளம்.

வன்னி மக்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1990-களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதை அடைபட்டபோது, யாழ்ப்பாணத்துக்கும் வன்னிக்கும் இடையே மக்கள் இரவிருளிற் கிளாலிக் களப்பைப் படகேறிக் கடந்தனர். நோயாளியும் மாணவனும் வியாபாரியும் கைக்குழந்தை ஏந்திய தாயும் ஒரே படகில் இருந்தனர். 1993 சனவரியில் அக்களப்பிலே பயணிகள் கொல்லப்பட்டனர். ஆயினும் கடப்பது நிற்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 இன் பெரும் இடப்பெயர்வுக்குப் பின்னர் ஆயிரக்கணக்கானோர் அந்நீரைத் தாண்டியே கிளிநொச்சிப் பக்கம் வந்தனர். அப்படகுகளுக்கும் சொந்தக்காரர் இருந்தனர், கட்டணமும் வாங்கப்பட்டது. ஆனால் களப்பின் நடுவில், கண்ணுக்கெட்டிய தூரத்தில் வெளிச்சம் ஒன்று தோன்றும் கணத்தில், அந்தப் படகு யாருடையது என்ற கேள்விக்கு அதில் இருந்தவர்கள் என்ன விடை கூறியிருப்பார்கள்?

இன்னொரு பயணத்தையும் சொல்லவேண்டும். பூநகரிப் பிரதேசத்தைச் சேர்ந்த இரணைதீவு மக்கள் 1992 இல் தம் தீவிலிருந்து இடம்பெயர்ந்து, எதிரே முழங்காவிலை அடுத்த இரணைமாதா நகரில் வாழ்ந்தனர். போர் முடிந்த பின்னரும் தீவு கடற்படையின் பிடியில் இருந்தது. மனுக் கொடுத்தனர், 2017 மே முதலாம் நாள் தொடங்கி மாதக்கணக்காகப் போராட்டம் நடத்தினர், வாக்குறுதிகள் பெற்றனர். இறுதியில் 2018 ஏப்ரல் 23 அன்று, ஏறத்தாழ 40 வள்ளங்களில் வெள்ளைக் கொடிகளோடு புறப்பட்டுத் தம் தீவிலே தாமே சென்று இறங்கினர். இருபத்தாறு ஆண்டுகளாகக் காகிதத்திற் கிடந்த உரிமை அன்று கால் முளைத்து மண்ணில் நின்றது. அடுத்த மாதமே அவர்கள் அங்கு தங்குவதற்கு அதிகாரிகளும் இணங்கவேண்டியதாயிற்று.

ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அந்த வள்ளங்கள் கடனுக்கு ஈடாக ஒவ்வொன்றாய் வெளியாரிடம் விலைபோயிருந்தால்? ஒவ்வொரு விற்பனையும் சட்டப்படி குறையற்றதாகவே இருந்திருக்கும். விலை கொடுக்கப்பட்டிருக்கும், பழுதுகளும் ஒளிக்கப்படாமற் சொல்லப்பட்டிருக்கலாம். எந்த விற்பவன்மேலும் எந்த வாங்குபவன்மேலும் குற்றம் காண இயலாது. ஆயினும் அத்தனை குற்றமற்ற விற்பனைகளின் கூட்டுத்தொகையாக ஒரு சனத்தொகுதி தன் ஊருக்குப் போகும் வழியை இழந்திருக்கும். உரிமை இருந்திருக்கும், இடையிலே கடலும் இருந்திருக்கும்.

இதுவே நாம் சொல்ல வந்தது. பட்டியலில் இடம்பெறாத பொருள் இதுதான். கரையோரச் சமூகமொன்றின் வள்ளம் தனியொருவனின் சொத்தாகப் பதிவு பெற்றிருப்பினும், அதிலே உழைத்தவர்களின் பங்கும் அதனை நம்பியிருப்பவர்களின் பயணமும் உள்ளன. அந்தப் பயணம் முடியும்வரை வள்ளம் பயணிகளுடையது என்ற பழைய அறத்தை நாம் ஏற்போமாயின், வன்னி மக்களின் பயணம் முடிந்துவிட்டதா என்று கேட்கவேண்டும். முடிந்துவிட்டதென்று கூறத் துணிபவர் எவர்?

அப்படியாயின் விற்பனையைத் தடைசெய்வதா? அன்று. தடை ஏழையைத்தான் முதலில் இறுக்கும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நமது கரைகளெங்கும் உள்ளன. விலைக்கு வரும் வள்ளத்தை முதலில் வாங்கும் வாய்ப்பு அச்சங்கத்துக்கு இருக்கட்டும். அதற்குப் போதிய நிதியை அரசு வழங்கட்டும். தவணை தவறியவன் வள்ளத்தை இழக்குமுன் சங்கம் குறுக்கிட்டுக் கடனை நீட்டிக்கட்டும். வள்ளத்தின் பழுதுகள் எழுத்திற் பதியப்பட்டு, அதில் தொழிலுக்குப் போவோர் முன்னிலையிற் படிக்கப்படட்டும். பல்லாண்டு உழைத்தவனுக்கு விலையில் ஒரு பங்கு உண்டென்பது வழக்காறாகட்டும். சங்கங்களே சில சம்மாட்டிமாரின் கைப்பொருளாகிவிடும் அபாயம் உண்டென்பதை நாம் அறிவோம். அதனாற் சங்கத்தைக் கைவிடுவது மருந்தாகாது. உழைப்பவர் அதனைத் தம் கையில் எடுப்பதே மருந்து.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதிற் பணி உண்டு. கரையோரப் பாடசாலைகளின் வகுப்பறையில் தந்தை வள்ளம் விற்ற பிள்ளை எங்கோ ஒரு வாங்கில் இருக்கவே செய்கிறது. சொத்துரிமை பற்றியும் ஒப்பந்தம் பற்றியும் பாடநூல் கூறுவதை அந்தப் பிள்ளைக்குப் படிப்பிக்கும்போது, பாடநூல் கூறாததையும் நாம் அதனுடன் பேசவேண்டும். அன்னபூரணி எவ்வாறு அமெரிக்கா சென்றது என்று பெருமையுடன் கதை சொல்லும்போது, அதனைச் செதுக்கியவர் யார், செலுத்தியவர் யார் என்று கேட்கவும் பழக்கவேண்டும். அவ்வாறு கேட்கப் பழகிய பிள்ளை, நாளை ஒரு நாள் கரையில் நின்று யாரோ ஒருவர் "எல்லாஞ் சேர்த்துத்தான் விலை" என்று சொல்லக் கேட்கையில், அந்த 'எல்லாம்' எதுவரை என்று திருப்பிக் கேட்கும்.